டால்பூரிப் பெட்டிக்குள் கடல்: ஒரு சர்ரியல் படம் உருவான கணக்கு

பலகை 60×45 செ.மீ., அக்ரிலிக். மொரீசியஸ் தீவின் ரோஸ் ஹில் ஊரில் தெருவோரம் நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிள், அதன் பின்பக்கம் கட்டிய டால்பூரிக் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் பூரிக்குப் பதில் ப்ளூ பே கடல். வார்னிஷ் காய்ந்து சுவரில் மாட்டியாகிவிட்டது. வரைந்த விதத்தைவிட இந்தக் கரு கையில் சிக்கிய விதம்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அன்றாடக் காட்சியையும் ஊர்சுற்றிப் பார்த்த காட்சியையும் வைத்து சர்ரியல் படம் (கனவில்போல, சேராதவை நிஜமாகச் சேர்ந்து நிற்கும் படம்) போட ஆசைப்படுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

டால்பூரி தெரியாதவர்களுக்கு: வேகவைத்துப் பொடித்த மஞ்சள் பருப்பை உள்ளே வைத்து, காகிதம்போல மெல்லிசாகத் தேய்த்துச் சுட்ட ரொட்டி. நம்ம ஊர் பருப்புப் போளியில் வெல்லத்தை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட இதுதான். மொரீசியஸில் அதை ஜோடியாகத்தான் தருவார்கள். பெரிய பயறுக் கறி, ருகாய் என்ற தக்காளிக் குழம்பு, பச்சைமிளகாய்த் துவையல் தடவி, சுருட்டி, காகிதத்தில் மடித்துக் கையில் கொடுப்பார்கள். நின்றபடியே சாப்பிட வேண்டியது.

கல்யாணமாகி கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து ரோஸ் ஹில்லில் தங்கிவிட்டவள் நான். வேலை தலைநகர் போர்ட் லூயியில். தினமும் மெட்ரோ. 2022-ல் அது கியூர்ப்பிப் வரை நீண்ட பிறகு இந்தத் தீவின் மேட்டுநிலமும் துறைமுகமும் ஒரே ஜன்னலில் அடங்கிவிட்டன. இங்கே அன்றாடத்துக்கும் பயணத்துக்கும் நடுவில் பெரிய தூரம் கிடையாது. வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வந்து பார்க்கும் கடற்கரைக்கு நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிச் சட்டியோடு போகிறோம். சர்ரியல் படத்துக்கு இது நல்ல மண் என்றுதான் தொடங்கினேன்.

முதல் கட்டம் நோட்டுப் புத்தகம். சட்டைப்பையில் அடங்கும் ஏ6 அளவு, கோடில்லாத தாள், 0.7 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில், 2பி முனை. போனில் படம் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். எடுத்தால் கண் வேலையை விட்டுவிடுகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் பெயர்ச்சொல்லாக எழுதினேன். கட்டைவிரல் போல நிமிர்ந்த லெ பூஸ் மலை, 812 மீட்டர். தலையில் தனிப் பாறை ஒன்று உட்கார்ந்திருக்கும் பீட்டர் போத், 820 மீட்டர். கரும்புக்காட்டு நடுவே ஆளுயரத்துக்கு மேல் குவித்த கருங்கல் மேடுகள். ஒப்பந்தக்கூலிகளாக வந்த நம் முன்னோர் கையால் பொறுக்கிக் குவித்த கற்கள் அவற்றில் எத்தனையோ. பாம்ப்லமூஸ் தோட்டத்துக் குளத்தில் தாம்பாளத்தைவிடப் பெரிய அல்லி இலைகள். ஷமரெலில் ஏழு நிறத்து மண். பக்கங்கள் நிறைந்தன.

அதிலிருந்து போட்ட முதல் படம் இடும்பன். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் காவடியாகத் தூக்கிய கதை எல்லோருக்கும் தெரியும். தைப்பூசக் காவடிக்கு இந்த நாட்டில் பொது விடுமுறை. ஆகவே போர்ட் லூயி விக்டோரியா பேருந்து நிலையத்தில் ஒரு ஆள் வரிசையில் நிற்கிறான், தோளில் கம்பு, ஒரு நுனியில் லெ பூஸ், மறு நுனியில் பீட்டர் போத். மலைகளின் பாறை மடிப்பு, அடிவாரத்துக் காடு எல்லாம் கவனமாகப் போட்டேன். படம் அழகாகவே வந்தது. கோயில் மாலைவகுப்பில் தமிழ் சொல்லித்தரும் ஐயாவிடம் காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இடும்பன்தானே அம்மா? நம்ம ஊர் மலையையே தூக்க வச்சிட்டீங்களே! அடுத்த வருஷக் காலண்டருக்குக் கொடுங்க, எல்லாரும் வாங்குவாங்க."

அவர் மனசாரச் சொன்னார். எனக்கு அங்கேதான் விஷயம் புரிந்தது. பார்க்கிறவருக்குக் கதை முன்பே தெரிந்திருக்கிறது; மலையைத் தூக்கிய ஆள் என்றதும் மனசு கையெடுத்துக் கும்பிட்டு நிம்மதியாகிவிடுகிறது. புராணக் காட்சி எவ்வளவு அதிசயமானாலும் விளக்கத்தைத் தன்னோடு கொண்டுவருகிறது. சர்ரியல் படத்துக்குத் தேவையானது விளக்கம் கிடைக்காத ஒரு கணம். அந்தப் படம் இப்போது கோயில் வகுப்பறையில் இருக்கிறது. அதற்கு அதுதான் சரியான இடம்.

அடுத்தது ஷமரெல் மண். சிவப்பு, பழுப்பு, ஊதா என்று அலை அலையாக மடிந்து கிடக்கும் அந்த மேட்டைப் பார்த்தால் யாருக்கும் சேலை ஞாபகம் வரும். ஆகவே வீட்டுக் கொல்லைக் கொடியில் அந்த மண் சேலையாகக் காய்கிறது என்று வரைந்தேன். இதுவும் நிற்கவில்லை. மண்ணும் சேலையும் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன என்பதற்காகச் சேர்த்தேன். அந்த ஒற்றுமை பிடிபட்டதும் கண் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. உவமையாகப் பேச்சில் சொன்னாலே முடிந்துவிடக்கூடிய ஒன்றுக்கு இவ்வளவு சாயம் வேண்டாம்.

நடுவில் ஃப்ரோத்தாஜ் என்ற உரசல் முறையும் செய்து பார்த்தேன். சர்ரியல் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-ல் பிரான்சின் கடலோர ஊரான போர்னிக்கில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, தேய்ந்த மரத்தளத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி, வந்த ரேகைகளில் உருவங்களைத் தேடினார். எனக்கு மரத்தளம் எதற்கு, தீவு முழுக்க எரிமலைக் கல். மெல்லிய டிரேசிங் தாள், 6பி பென்சிலின் பக்கவாட்டு முனை, பழைய கருங்கல் மதில். கல்லுக்குள் வாயு அடைபட்டு உண்டான சின்னச் சின்னக் குழிகள் தாளில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். பார்க்கப் பார்க்க முகங்கள் தெரியும். ஆனால் எந்தக் கல்லை உரசினாலும் முகம்தான் வந்தது. அதில் என் ஊரும் இல்லை, என் நாளும் இல்லை. கருவுக்கு உதவாத அந்தத் தாள்கள் பின்னால் மதிலின் தோலாகப் படத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தன.

வழி திறந்தது மொரீசியஸ்காரரான மால்கம் தெ ஷசாலால். 1902-ல் வாக்குவாவில் பிறந்து 1981-ல் மறைந்தவர். சர்க்கரைத் தொழில்நுட்பம் படித்துவிட்டு எழுத வந்தவர், பிறகு ஓவியர். 1924-ல் சர்ரியலிச அறிக்கையை எழுதிய ஆந்த்ரே ப்ரெத்தோன், 1940களின் கடைசியில் இவர் எழுத்தைப் படித்துவிட்டுக் கொண்டாடினார். இந்தத் தீவின் மலைகளை லெமூரியாவின் ஆதி மனிதர்கள் செதுக்கினார்கள் என்று கனவு கண்டவரும் இவர்தான். குமரிக்கண்டக் கதை கேட்டு வளர்ந்த எனக்கு அதைப் படித்த அன்று தூக்கமே வரவில்லை. ஆனால் எனக்கு வேலைக்கு ஆனது அதைவிடச் சின்ன விஷயம். கியூர்ப்பிப் தாவரவியல் பூங்காவில் ஒரு அசேலியாப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூ தன்னைப் பார்ப்பதை உணர்ந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய பார்வையே அந்த நொடியிலிருந்து வேறாகிவிட்டது.

பூ பூவாகவே இருக்கிறது. பூங்காவும் பூங்காவாகவே இருக்கிறது. பார்ப்பது என்ற வேலை மட்டும் கைமாறியிருக்கிறது. என் நோட்டை எடுத்துப் பார்த்தேன்: எல்லாம் பொருள்கள், ஒரு வினைகூட இல்லை.

அன்றிலிருந்து நோட்டை மாற்றினேன். இடது பக்கம் பொருளும் இடமும், எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் என்பதும். வலது பக்கம் ஒரே கேள்வி: இங்கே கையோ கண்ணோ காலோ என்ன செய்கிறது? சந்தையில் கீரைக்காரி தண்ணீர் தெளிக்கிறாள். மெட்ரோவில் ஒருவர் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்குகிறார். கடற்கரையில் அன்னாசிக்காரர் காம்பைப் பிடித்துக்கொண்டு கத்தியைச் சுற்றிச் சுற்றி இறக்குகிறார். டால்பூரிக்காரர் கண்ணாடியைத் தள்ளி, உள்ளே கைவிட்டு, இரண்டை உரித்தெடுக்கிறார். மாதக்கடைசியில் தாள்களைக் கத்தரித்துத் துண்டுகளாக்கி, சாப்பாட்டு மேஜையில் வினைவாரியாக அடுக்குவேன். அன்றாடத் துண்டுக்கு வெள்ளைத் தாள், பயணத் துண்டுக்கு மஞ்சள் தாள். ஒரே வினையில் வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்தால் அதைத் தனியே எடுத்து வைப்பேன்.

நிறைய சேர்ந்தன. 'எடை போடுதல்' என்பதில் போர்ட் லூயி மார்க்கெட் தராசும் விமான நிலையத்துப் பெட்டித் தராசும். 'தைத்தல்' என்பதில் என் மாமியாரின் தையல் மிஷினும், 2020 ஆகஸ்டில் வாக்காஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது மாஹேபூர் கரையில் மக்கள் கரும்புச் சோகையைத் துணிக்குழாய்களில் அடைத்துத் தைத்த காட்சியும். கடலைக் காப்பாற்ற ஊரே உட்கார்ந்து கரும்புத் தழையைத் தைத்தது நிஜமாக நடந்தது. அந்தத் துண்டைத் தொடவே இல்லை. அதன்மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

பெட்டிக்குள் கடல் வந்தது இப்படித்தான். மஞ்சள் துண்டில், ப்ளூ பே கண்ணாடியடிப் படகு. படகின் அடியில் பதித்த கண்ணாடி வழியாகக் குனிந்து பவளப்பாறையைப் பார்க்கிறோம். அந்தக் கடற்பூங்கா 2008-லிருந்து ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. பவளத்தைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான். வெள்ளைத் துண்டில், டால்பூரிப் பெட்டி: வரிசையில் நின்று கண்ணாடி வழியாகக் குனிந்து, இன்னும் எத்தனை மிச்சம் என்று பார்க்கிறோம். இரண்டு துண்டிலும் எழுதியிருந்தது ஒன்றே: கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தல்.

இந்தப் பொதுவினைக்குக் கீல் என்று பெயர் வைத்துக்கொண்டேன். கதவும் நிலையும் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை, கீல் ஒன்று போதும். பூரிக்கும் கடலுக்கும் தோற்றத்தில் எந்த உறவும் கிடையாது. ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி. ஒன்று காய்ந்தது, ஒன்று நீர். ஷமரெல் சேலைப் படம் ஏன் நிற்கவில்லை என்பதும் இப்போது தெரிந்தது. அங்கே தோற்றம் மட்டும் ஒத்துப்போயிற்று, வேலை எதுவும் சேரவில்லை.

கரு கிடைத்ததும் 6×8 செ.மீ. சின்னக் கட்டங்களில் பென்சில் வரைவு. கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்றே தொனி. அப்போது எனக்கு நானே விதித்த கட்டுப்பாடு ஒன்றுதான்: ஒரே ஒரு விதியை மட்டும் உடைப்பது. பெட்டிக்குள் இருப்பது மட்டும் மாறும். வெளிச்சம், நிழல், அளவு, ஈரம், காகிதம், மிளகாய் டப்பா, பக்கத்துக் கடையின் ஷட்டர், எல்லாம் தெருவில் இருக்கிற மாதிரியே. சர்ரியல் ஓவியர் ரெனே மாக்ரித் ப்ரஸ்ஸல்ஸில் தன் வீட்டுச் சாப்பாட்டறையில் வைத்து வரைந்தவர். ஆப்பிளோ தொப்பியோ, அவர் போட்டால் கடையில் இருக்கிற மாதிரியே இருக்கும். அந்த ஒழுங்கு இருந்தால்தான் உடைந்த ஒன்று உடைந்ததாகத் தெரியும். சாப்பாட்டு மேஜையே எனக்கும் வேலை மேஜை என்பதால் அவரை நினைத்துக்கொள்வதில் ஒரு தெம்பு.

முதல் பெரிய வரைவில் பெட்டிக்குள் கடல், அதற்கு மேலே அடிவானக்கோடு, அதற்கும் மேலே கொஞ்சம் வானம் என்று போட்டேன். பார்த்தால் பெட்டிக்குள் டி.வி. ஓடுகிற மாதிரி இருந்தது. சாயத்தை மாற்றினேன், அலையை மாற்றினேன், போகவில்லை. காரணம் கண்மட்டம். வரிசையில் நிற்கும் என் கண் தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, பெட்டியின் மேல்விளிம்பு 120 செ.மீ. அடிவானம் எப்போதும் கண்மட்டத்தில்தான் நிற்கும். அப்படியானால் தெருவின் அடிவானம் பெட்டிக்கு மேலே எங்கோ இருக்கிறது, பெட்டிக்குள் இன்னொன்று இருக்க வழியே இல்லை. அதை அழித்தேன். கடல் முன்கண்ணாடியில் வெளிர்மணலாகத் தொடங்கி, நடுவில் பச்சைநீலமாகி, பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் பாறைவரிசையில் அலை உடையும் வெள்ளைக்கோட்டோடு, அதற்கப்பால் கருநீலமாக, பெட்டியின் பின்சுவரில் போய் முட்டி நிற்கிறது. வானமே இல்லை. படகில் குனிந்து பார்க்கும்போதும் வானம் தெரியாதே. இந்த ஒரு திருத்தத்தில் கடல் பெட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு, பெட்டிக் கண்ணாடியில் ஆவி படிவதைப் பார்த்து வரைய ஒரு மாதிரி செய்தேன். கண்ணாடிக்கடையில் 3 மி.மீ. கண்ணாடி ஐந்து துண்டு வெட்டி வாங்கி, சிலிக்கான் பசையால் ஒட்டி 30×20×20 செ.மீ. பெட்டி ஒன்று. மேலே மூட அட்டை. உள்ளே ஒரு கிண்ணம் கொதிநீர், பின்னால் நீலப் பிளாஸ்டிக் தாள், இடதுபக்கம் 45 பாகையில் மேஜை விளக்கு. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தேன். இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த நேரம் அது.

ஆவி முதலில் மேல்பகுதியில் படிகிறது. கீழே இறங்க இறங்க மெலிகிறது. அது வெள்ளை இல்லை. பின்னால் இருக்கும் நிறத்தைத் தூக்கி வெளிறச்செய்கிறது, ஓரங்களை மழுங்கச்செய்கிறது. கொஞ்ச நேரத்தில் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, ஒன்று மட்டும் நழுவிக் கோணல்மாணலாக இறங்கும். இறங்கிய தடத்தில் கண்ணாடி பளிச்சென்று தெளிவாகும், பின்னால் இருக்கும் நீலம் அங்கே மட்டும் முழு நிறத்தில் தெரியும். தடத்தின் நுனியில் துளி தொங்கும். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்: துளிக்குள் எல்லாமே தலைகீழ். மேஜை விளக்கு அடியில், மேஜை விளிம்பு உச்சியில். துளி லென்ஸாக வேலை செய்கிறது. அப்படியானால் என் படத்தில் ஒவ்வொரு பெரிய துளிக்குள்ளும் பாறைவரிசையின் வெள்ளைக்கோடு கீழே, மணல் மேலே. யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று தோன்றினாலும் அப்படியே போட்டேன். கவனிக்காதவருக்கும் அது ஈரமாகத் தெரிகிறது.

பலகைக்கு வருகிறேன். கியூர்ப்பிப் அளவுக்கு இல்லாவிட்டாலும் ரோஸ் ஹில்லிலும் மழைக்காலத்தில் கேன்வாஸின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே 6 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை. முன்பக்கம் மட்டும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசினால் ஈரத்தில் வளைந்துவிடும். முன், பின், நான்கு விளிம்பு என்று எல்லாம் பூசினேன். முன்பக்கம் மூன்று பூச்சு, நடுநடுவே 320 நம்பர் உப்புத்தாள். மதில் வரும் இடத்தில் அந்தக் கருங்கல் ஃப்ரோத்தாஜ் தாளை மேட் மீடியத்தால் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பசையால்) ஒட்டி, மேலே மெல்லிய சாம்பல்பூச்சு. கல்லின் குழிகள் தாமாகவே கிடைத்துவிட்டன.

நிறங்கள் குறைவு: டைட்டேனியம் வெள்ளை, ஜிங்க் வெள்ளை, அல்ட்ராமரீன், தாலோ டர்க்காய்ஸ் (பச்சைநீலம்), வெளிர்மஞ்சள், பர்ன்ட் சியன்னா. கறுப்பு ட்யூப் வாங்கவில்லை. அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் உயிருள்ள கறுப்பு வரும், டயரும் நிழலும் அதில்தான். தாலோ பொல்லாதது. ஊசிமுனை அளவு எடுத்தாலே மற்றதை விழுங்கிவிடும், அதனால் வெள்ளையில் தாலோவைச் சேர்க்க வேண்டும், தாலோவில் வெள்ளையை ஊற்றக்கூடாது.

நுரையில் ஒரு நுட்பம் இருக்கிறது. தண்ணீரைச் சின்னதாக்க முடியாது. வாளித் தண்ணீரில் துளி பெரிசு, கடலில் நுரை மாவு. பெட்டிக்குள் இருப்பது வாளித் தண்ணீர் இல்லை, கடலேதான் என்று கண் நம்ப வேண்டுமானால் நுரைத்துகள் மிகமிகப் பொடியாக இருக்க வேண்டும். 3/0 என்ற மிகச் சன்னமான தூரிகையில் வெறும் நுனி, கிட்டத்தட்டக் காய்ந்த சாயம். இரண்டு விரல்கடை நீளமுள்ள அந்த வெள்ளைக்கோட்டுக்கு எத்தனையோ சாயங்காலங்கள் போயின. போனது நல்லதுதான், படத்தின் அளவையே அந்தக் கோடுதான் தாங்குகிறது.

ஆவி கடைசி அடுக்கு. ஜிங்க் வெள்ளைக்கு மறைக்கும் தன்மை குறைவு, ஆவிக்கு அதுவே சரி. கிளேசிங் மீடியத்தில் கரைத்து, தேய்ந்துபோன பன்றிமுடித் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டித் தட்டி வைத்தேன். சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க ரிட்டார்டர், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். அதிகமானால் சாயம் பிசுபிசுவென்றே நின்றுவிடும். ஈரம் இருக்கும்போதே, நனைத்துப் பிழிந்த காதுக்குச்சிப் பஞ்சால் துளியோடிய தடங்களை எடுத்தேன். விரல்பட்ட தடம் ஒன்றும், வரிசையில் நின்ற ஒரு குழந்தையின் உயரத்தில்.

முடிந்தது என்று நினைத்து, படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு டால்பூரிக்காரரிடமே போய்க் காட்டினேன். பெட்டியை வரையட்டுமா என்று முன்பே அவரிடம் கேட்டிருந்தேன். கடலைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார்: "துணி எங்கே?"

பூரி காய்ந்து விறைக்காமல் இருக்க அவர் அடுக்கை எப்போதும் வெள்ளைத்துணியால் போர்த்தியே வைப்பார். ஜோடி எடுக்கும்போது மட்டும் ஒரு முனையை விலக்குவார். தினம் பார்த்தும் என் நோட்டில் அது ஏறவில்லை. கண்ணாடியிலேயே கவனமாக இருந்துவிட்டேன். 'போர்த்துதல்', 'விலக்குதல்' என்று இரண்டு வினை அங்கே சும்மா கிடந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கடலின் மேல் துணி போட்டேன். பெட்டியின் வலதுபக்கத்தில், கருநீலத்தைப் பாதி மூடியபடி, ஓரத்தில் நீலத்தையல் போட்ட வெள்ளைத்துணி. விலக்கிய முனை மடிந்து கிடக்கிறது. மடிப்பின் அடியோரம் கடல்நீரில் நனைந்து சாம்பலாகியிருக்கிறது. உள்ளே நீண்ட அவர் கை அந்த முனையைப் பிடித்திருக்கிறது. அதுவரை பெட்டிக்குள் கடல் இருந்தது, அவ்வளவுதான். துணி வந்த பிறகு, காலையில் எழுந்து அதை யாரோ அடுக்கி, காயாமல் போர்த்தி, ஜோடி ஜோடியாக விற்க எடுத்துவந்திருக்கிறார்கள் என்று ஆயிற்று. மாமியார் பார்த்துவிட்டு, "இது எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகும்?" என்று கேட்டார். அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

வார்னிஷ் முழுக்க மேட். காய்ந்த பிறகு துளிகளின் மேல் மட்டும் பளபளப்பான ஜெல், பல்குத்தும் குச்சி நுனியால். பக்கவாட்டில் நடந்தால் துளிகள் மட்டும் மினுங்கும்.

செலவு: பலகை தச்சுக்கடையில் மிஞ்சிய துண்டு, வெட்டுக்கூலியோடு 150 ரூபாய். கண்ணாடித் துண்டும் சிலிக்கானும் ஏறக்குறைய 600. சாயங்களில் பாதி கைவசம் இருந்தன. தாலோவும் ஜிங்க் வெள்ளையும் புதிசு, மீடியம், ஜெஸ்ஸோ, வார்னிஷ் எல்லாம் சேர்த்து 2,200-ஐத் தொட்டது. எல்லாம் மொரீசியஸ் ரூபாய். இறக்குமதிச் சரக்கு என்பதால் சாயம்தான் கையைக் கடிக்கிறது. நோட்டும் பென்சிலும் கணக்கில் சேர்க்கவில்லை. மிச்சம்பிடிக்க நினைப்பவர்கள் மாதிரிப் பெட்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த 600 ரூபாய் இல்லாவிட்டால் ஆவியை வெள்ளைப்புகையாகத்தான் போட்டிருப்பேன்.

அடுத்த தடவை மாற்றப்போவது: ஆவியை நேரே பலகையில் வைக்காமல், முதலில் ஒளிபுகும் அசிடேட் தாளில் போட்டு, படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு இறங்குவேன். கண்மட்டத்தைச் சின்ன வரைவிலேயே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். பொருளைத் தினமும் கையாளுகிறவரிடம் படம் முடிந்த பிறகு காட்டாமல், பென்சில் நிலையிலேயே காட்டுவேன். நோட்டில் ஒரு காட்சிக்கு ஒரு வினையோடு நிறுத்தாமல், அந்தக் கை அதற்கு முன்னால் என்ன செய்தது, பின்னால் என்ன செய்யும் என்றும் எழுதுவேன். அன்னாசிக்காரரின் துண்டில் அதைச் செய்யத் தொடங்கிவிட்டேன். சுற்றி இறங்கும் அவர் கத்தியோடு மஞ்சள் தாளில் சேர்ந்திருப்பது ஆல்பியன் கலங்கரை விளக்கத்தின் உள்படிகள். சீவி முடித்ததும் அவர் உப்பும் மிளகாய்த்தூளும் தூவுகிறார், அதற்குப் படிக்கட்டில் என்ன இணை என்று இன்னும் பிடிபடவில்லை.